கடலுக்கு ஏது தேசம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க ஓவியர்கள் மலைகளிலும் காடுகளிலும் தங்கள் நாட்டை அடையாளம் கண்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கடலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கடல் எல்லோருக்கும் பொது, அதில் தேசம் இல்லை என்பதாலா?

க., தூத்துக்குடி

அன்புள்ள க.,

விட்டது என் பிழை. கடற்கரை ஊர்க்காரரிடம் மாட்டிக்கொண்டேன்.

தண்ணீரில் தேசம் இல்லைதான். பிரிட்டனுடன் நடந்த 1812 போரின் கப்பல் சண்டைகளை வரைந்து அமெரிக்கர்களைப் பெருமிதப்பட வைத்த தாமஸ் பர்ச் இங்கிலாந்தில் பிறந்தவர். பாஸ்டன் துறைமுகத்தை வரைந்த ராபர்ட் சால்மனும் அப்படியே. அந்தப் படங்களில் கொடியை மாற்றிவிட்டால் நாடும் மாறிவிடும். மாசசூசெட்ஸின் மீன்பிடித் துறைமுகமான க்ளாஸ்டரில் பிறந்த ஃபிட்ஸ் ஹென்றி லேன் வரைந்த காற்றடங்கிய துறைமுகங்களில்தான் எனக்கு ஓர் ஊரின் கடல் தெரிகிறது.

ஆனால் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர். நாடு நூற்றாண்டு விழா கொண்டாடிய 1876இல் அவர் 'பிரீசிங் அப்' ஓவியத்தைக் காட்சிக்கு வைத்தார். ஒரு பெரியவர், மூன்று சிறுவர்கள், காற்றில் சாய்ந்து ஓடும் சிறு பாய்மரப் படகு. சுக்கான் பெரியவர் கையில் இல்லை, ஒரு பையன் கையில் இருக்கிறது. உள்நாட்டுப் போரில் களைத்துப்போன ஒரு நாடு தன்னை எப்படிப் பார்க்க விரும்பியிருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அதே கை 1899இல் 'கல்ஃப் ஸ்ட்ரீம்' (வளைகுடா நீரோட்டம்) வரைந்தது. பாய்மரம் முறிந்த படகில் தன்னந்தனியாக ஒரு கறுப்பர். சுற்றிலும் சுறாக்கள், தொலைவில் நீர்ச்சுழல் தூண். தளத்தில் சில கரும்புத் துண்டுகள் கிடக்கின்றன. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. கரும்புத் தோட்டங்களின் வரலாறு தெரிந்தவர்களுக்கு அந்தத் துண்டுகள் சுறாக்களைவிடப் பயங்கரமானவை.

இந்த மனிதர் என்ன ஆவார் என்று சில பெண்மணிகள் ஓவிய வணிகர் வழியாக விளக்கம் கேட்டார்கள். ஹோமர் எரிச்சலோடு, அவர் காப்பாற்றப்பட்டு வீடு போய்ச் சேர்ந்து சுகமாக வாழ்வார் என்று கிண்டலாக எழுதி அனுப்பினார். படத்தில் தொடுவானத்தில் ஒரு கப்பல் மங்கலாகப் போகத்தான் செய்கிறது. படகில் இருப்பவரின் முகம் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது.

இந்த இரண்டு ஓவியங்களிலும் கொடி இல்லை. படகின் பின்புறத்தில் ஊர்ப்பெயர் எழுதியிருக்கிறது: சிறுவர்களின் படகில் க்ளாஸ்டர், கரும்பு கிடக்கும் படகில் ஃப்ளோரிடாவின் கீ வெஸ்ட்.