பிரம்ம சமாஜம் யாருடைய நகல்?

கேள்வி: ராம்மோகன் ராயின் பிரம்ம சமாஜம், வெள்ளைக்காரர்களைத் திருப்திப்படுத்தத் தயாரித்த கிறிஸ்தவ நகல்தானே? பாடப்புத்தகங்கள் அதை ஏன் இப்படித் தூக்கிப் பிடிக்கின்றன?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: நகல் இல்லை. உருவமில்லாத ஒரே கடவுளை வணங்கக் கூடிய சபை அது. கடவுள் ஒருவரே என்று ராம்மோகன் வாதாடிய முதல் நூல் 1803-04 வாக்கில் வந்தது. பாரசீக மொழியில், அரபு முன்னுரையோடு. 1815 முதல் வேதாந்த சூத்திரத்தையும் உபநிடதங்களையும் வங்காள மொழியில் தர ஆரம்பித்தார். விக்கிரக வழிபாட்டை ஆதரித்துச் சென்னையிலிருந்து சங்கர சாஸ்திரி மறுப்பு எழுதியபோது, 1817-ல் அதற்குப் பதில் நூலே போட்டார்.

கிறிஸ்தவர்களிடமாவது பணிந்து போனாரா? 1820-ல் ஏசுவின் நீதிபோதனைகளை மட்டும் தொகுத்து வெளியிட்டார், அற்புதங்களை விட்டுவிட்டார். ஸ்ரீராம்பூர் மிஷனரிகள் கொதித்துப் போனார்கள். அவர்களில் ஒருவரான ஜோஷுவா மார்ஷ்மனுக்கு ராம்மோகன் எழுதிய மூன்றாவது பதிலை பாப்டிஸ்ட் அச்சகம் அச்சிட மறுத்தது. சொந்த அச்சகம் வைத்து அச்சிட்டார். இந்த விவாதங்களின் நடுவில் வில்லியம் ஆடம் என்ற பாப்டிஸ்ட் மிஷனரியே திரித்துவ நம்பிக்கையை (தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதை) கைவிட்டு இவர் பக்கம் வந்துவிட்டார். வெள்ளைக்காரர்களைத் திருப்திப்படுத்த நினைத்தவர் செய்கிற வேலையா இது? வாரந்தோறும் கூடி வழிபட்டு, பிரசங்கம் கேட்கும் முறையில் கிறிஸ்தவச் சாயல் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே ஓதப்பட்டவை உபநிடதங்கள்.

1828 ஆகஸ்ட் 20 அன்று கல்கத்தாவில் பிரம்ம சமாஜம் என்ற இந்தச் சபை தொடங்கியது. 1830-ல் சொந்தக் கட்டடம். அதன் அறக்கட்டளைப் பத்திரத்தில் இருப்பது இதுதான்: எவரும் வரலாம், உருவம் எதையும் வைக்கக் கூடாது, உயிர்ப்பலி கூடாது, பிறர் வணங்குவதை இழிவாகப் பேசக் கூடாது. கடைசி நிபந்தனையை இரண்டு முறை படித்துப் பாருங்கள்.

உண்மையிலேயே குறை சொல்ல வேண்டுமென்றால் வேறு இடம் இருக்கிறது. எவரும் வரலாம் என்ற அந்தச் சபையில், வேதம் ஓதுவது மட்டும் பிராமணர்களுக்கான தனி அறையில் நடந்தது. ராம்மோகனும் பூணூலைக் கடைசிவரை கழற்றவில்லை. இது பெரிய முரண்பாடு. அதை உடைத்தவர்கள் அவருக்குப் பின்னால் வந்தவர்கள். அந்த வரலாறுதான் என்னை ஈர்ப்பது.

1843-ல் தேவேந்திரநாத் தாகூர் முறைப்படி தீட்சை பெற்று, சமாஜத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தார். வேதம் பிழையற்றதா என்று அட்சய குமார் தத்தா போன்றவர்கள் விடாமல் கேட்டார்கள். தேவேந்திரநாத் அதட்டி அடக்கவில்லை. நான்கு இளைஞர்களை வேதம் படித்துவரக் காசிக்கே அனுப்பினார். ஆராய்ந்த பிறகு, 1850 வாக்கில், எந்த நூலும் பிழையற்றதல்ல, பகுத்தறிவும் மனசாட்சியுமே அளவுகோல் என்ற முடிவுக்கு வந்தார்கள். தன் ஆதார நூலையே சோதித்துப் பார்த்து, அதற்குத் தந்த இடத்தை மாற்றிய மதம் உலகில் எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்.

அப்புறம் வந்தவர், சமாஜத்து இளைஞர்களின் தலைவர் கேசவ சந்திர சென். பூணூல் போட்டவர் மேடையில் அமரக் கூடாது என்று இளைஞர்கள் வாதாடினார்கள். 1866-ல் அவர் தலைமையில் தனிச் சமாஜம் உருவானது. பிரம்மர்களின் திருமணத்துக்காக 1872-ல் தனிச் சட்டமே வந்தது. பெண்ணுக்குக் குறைந்தது 14 வயது. அதற்காகப் பாடுபட்ட கேசவரே, 1878-ல் 14 நிறையாத தன் மகளை கூச் பிகார் மகாராஜாவுக்குக் கட்டிக்கொடுத்தார். சிவநாத் சாஸ்திரி, ஆனந்த மோகன் போஸ் முதலானவர்கள் தங்கள் தலைவர் என்று பார்க்கவில்லை. வெளியேறி, அதே ஆண்டு மே மாதம் சாதாரண பிரம்ம சமாஜத்தைத் தொடங்கினார்கள்.

பாடப்புத்தகம் தூக்கிப் பிடிப்பதாகச் சொல்கிறீர்கள். எனக்கோ அது சதி, அதாவது உடன்கட்டை ஏறும் வழக்கம், ஒழிந்த கதையோடு நிறுத்திக்கொள்வதுதான் வருத்தம். நம் ஊர்க் கதையைக்கூட அது சரியாகச் சொல்வதில்லை. 1864-ல் கேசவர் சென்னை வந்து பேசிய பிறகு இங்கே வேத சமாஜம் பிறந்தது. சேம்பேட்டி ஸ்ரீதரலு நாயுடு கல்கத்தாவுக்கே போய்க் கற்றுவந்து, அதை 1871-ல் தென்னிந்திய பிரம்ம சமாஜமாக மாற்றினார். மூன்றே ஆண்டுகளில், 1874-ல், அவர் இறந்துபோனார்.