கொழுந்தனார் கேட்கும் 12 லட்சம்

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் 17 வருடம் இருந்தார். எல்லையில் ரோந்து போனபோது கண்ணிவெடியில் வலது கால் முட்டிக்கு மேல் போய்விட்டது. மெடிக்கல் போர்டு வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கைக்கு வந்ததில் 26 லட்சம் பேங்கில் சும்மா கிடக்கிறது. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வாங்கக் கொழுந்தனார் 12 லட்சம் கேட்கிறார். மகள் பிளஸ் டூ, மகன் ஏழாவது. பட்டாசுச் சத்தம் கேட்டாலே இவர் நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். அதனால் பண விஷயம் எதையும் அவர் காதில் போடுவதில்லை. என்ன செய்யட்டும்?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: சகோதரி, உங்கள் கடைசி வரியிலேயே என் மனம் நின்றுவிட்டது. லாஸ்பேட்டையில் இதே நிலையில் இருந்த ஒரு ஹவில்தாரின் மனைவி, பாஸ்புக்கை அரிசி டின்னுக்குள் வைத்திருந்தார். ஒருநாள் அது கணவர் கண்ணில் பட்டுவிட்டது. "நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று கேட்டாராம். நல்லெண்ணத்தில்தான் மறைக்கிறீர்கள், தெரிகிறது. ஆனாலும் இன்றைக்கே பாஸ்புக்கை அவர் கையில் கொடுங்கள். தூக்கம் கெடுவதை முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். டாக்டரிடம் தனியாகக் காட்டுங்கள்.

அடுத்து, இரண்டு பேரும் உட்கார்ந்து ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ.வைப் படியுங்கள். சாதாரண ஊன ஓய்வூதியமா, போர்க்காய ஓய்வூதியமா என்று பாருங்கள். தொகையில் பெரிய வித்தியாசம் உண்டு. மெடிக்கல் போர்டு ஊனத்தை 76 சதவீதமோ அதற்கு மேலோ போட்டிருந்தால் 100 ஆகக் கணக்கிட வேண்டும். உங்கள் பெயர் ஆதாரில் உள்ளபடியே அதில் இருக்கிறதா? ஓர் எழுத்து மாறியிருந்தாலும் குடும்ப ஓய்வூதியத்துக்கு அலைய வேண்டிவரும். இப்போதே ராணுவ ஓய்வூதிய இணையதளமான ஸ்பர்ஷில் திருத்துங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி கேட்கலாம். பணியால் வந்த ஊனத்துக்காக வெளியே அனுப்பப்பட்டவர் என்பதால் அவர் பென்ஷனுக்கு வருமான வரி கிடையாது. டெபாசிட் வட்டிக்கு உண்டு.

26 லட்சத்தில் 3 லட்சம் நினைத்த நேரத்தில் கிடைக்கும்படி இருக்கட்டும். கார்த்திகை மார்கழியில் நம் ஊர் படும் பாடு உங்களுக்குத் தெரியாததா? 15 லட்சத்தை இருவர் பெயரிலும் அஞ்சலக மாதாந்திர வருமானத் திட்டத்தில் போடுங்கள், 7.4 சதவீத வட்டிக்கு மாதம் 9,250 ரூபாய் வரும். மீதி 8 லட்சம் மகள் படிப்புக்கும் அவர் காலுக்கும், டெபாசிட்டில். வெட்டிய இடம் நாளாக ஆகச் சுருங்கும், செயற்கைக் காலின் சாக்கெட் தொளதொளத்துவிடும். கடலோரப் புழுக்கத்தில் வியர்வை வேறு சேர்ந்து தோல் உரியும். புனே செயற்கை அவயவ மையத்துக்குப் போனாலும் இருவருக்கும் பயணம், தங்கல் என்று செலவு இருக்கிறது. மகள் பிளஸ் டூவில் 60 சதவீதம் வாங்கித் தொழிற்படிப்பில் சேர்ந்தால் பிரதமர் கல்வி உதவித்தொகை மாதம் 3,000 ரூபாய். முதலாம் ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும், தவறவிடாதீர்கள்.

முந்திரித் தோப்பு வேண்டாம். 2011 டிசம்பரில் தானே புயல் பண்ருட்டிப் பக்கம் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததை நேரில் பார்த்தவன் நான். மறுபடி நட்டுக் காய்ப்புக்கு வர எத்தனை வருடம்! அத்தனை வருடம் காத்திருக்கிற பணம் இது இல்லை.

ஆனால் இந்தப் பதிலைக் கொழுந்தனாரிடம் நீங்கள் சொல்லாதீர்கள். கணக்கைப் பார்த்துவிட்டு உங்கள் கணவரே சொல்லட்டும். நீங்கள் சொன்னால் 'அண்ணி தடுத்துவிட்டார்' என்று ஆகிவிடும். அண்ணன் வாயால் வந்தால் தம்பி கேட்டுக்கொள்வார்.