முதுகில் நீர் எடுக்க அஞ்ச வேண்டுமா?

கேள்வி: என் தம்பிக்குக் கடும் காய்ச்சலும் தலைவலியும் வந்து, இரண்டாம் நாளில் பேச்சு குழறியது. மூளைக்காய்ச்சலாக இருக்கலாம் என்று கூறிய மருத்துவர்கள், முதுகிலிருந்து நீர் எடுக்கக் கையெழுத்து வாங்கினார்கள்; பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே பல மருந்துகளை ஏற்றவும் தொடங்கிவிட்டார்கள். அவனுக்குக் கழுத்து விறைக்கவே இல்லை. இது சரியா? முதுகில் ஊசி குத்தினால் கால்கள் செயலிழக்கும் என்கிறார்களே?
- ஒரு வாசகி

பதில்: மருத்துவர்கள் செய்தது சரியே. மூளையைச் சுற்றியுள்ள சவ்வுகளான மூளையுறைகளில் பாக்டீரியா தொற்றினால் சில மணி நேரத்திலேயே நிலைமை கைமீறக்கூடும் என்பதால், சந்தேகம் வலுத்தவுடன், இயன்றவரை ஒரு மணி நேரத்துக்குள், செஃப்ட்ரியாக்சோன் போன்ற ஆன்டிபயாடிக் ஊசியைத் தொடங்கிவிடுவார்கள். வீக்கத்தைக் குறைத்துச் செவித்திறனைக் காப்பதற்காக டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டையும் அதற்குச் சற்று முன்போ அதனுடனோ கொடுப்பதுண்டு. பேச்சுக் குழறல், வலிப்பு, நடத்தை மாற்றம் ஆகியவை மூளைத் திசுவே பாதிக்கப்பட்டிருப்பதைக் காட்டக்கூடும். ஹெர்பிஸ் வைரஸ் அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பதால் அசைக்ளோவிர் மருந்தையும் சேர்த்திருப்பார்கள். அந்த வைரஸ்தான் என்று உறுதியானால் 14 முதல் 21 நாள் வரை அம்மருந்தை இரத்தக் குழாய் (சிரை) வழியாக ஏற்ற வேண்டும். இல்லையென்று தெரிந்தால் நிறுத்திவிடலாம்.

கழுத்து விறைப்பை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து. காய்ச்சல், கழுத்து விறைப்பு, மனத்தெளிவு குறைதல் ஆகிய மூன்றும் ஒருசேரத் தோன்றாத நோயாளிகள் ஏராளம். கைக்குழந்தைகளிடம் பால் குடிக்க மறுத்தல், ஓயாத அழுகை, உச்சிக்குழி புடைத்தல் ஆகியவையே முதல் அறிகுறிகளாக இருக்கலாம். சில குழந்தைகளுக்குக் காய்ச்சல்கூட இருக்காது. காசநோய்க் கிருமியோ வாரக்கணக்கில் மெல்ல வளர்ந்து, வெறும் தலைவலியாகவும் சோர்வாகவும் ஏமாற்றும். அதற்கான சிகிச்சை 9 முதல் 12 மாதங்கள் வரை நீளும்.

முதுகு ஊசியைப் பற்றிய அச்சம் பரவலானது, ஆனால் பெரும்பாலும் தேவையற்றது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பு முள்ளெலும்புகளில் முதலாவது, இரண்டாவது எலும்புகளின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசியைச் செலுத்துவது அதற்கும் கீழே, பெரும்பாலும் மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையிலோ நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் இடையிலோதான். சிலருக்குச் சில நாள் தலைவலி இருக்கலாம். மூளையில் அழுத்தம் மிகுந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தால், முதலில் சிடி ஸ்கேன் எடுத்த பிறகே நீர் எடுப்பார்கள். ஆனால் அதற்காக மருந்தைத் தாமதிக்க மாட்டார்கள். பாக்டீரியா தொற்றில், மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் அந்த நீரிலுள்ள சர்க்கரை பொதுவாகக் குறைந்தும் புரதம் கூடியும் இருக்கும். வைரஸ் தொற்றில் சர்க்கரை பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். எந்த மருந்தைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்ற முடிவுக்கு இந்த வேறுபாடு பெரிதும் உதவுகிறது.

மெனிங்கோகாக்கஸ் என்னும் பாக்டீரியாதான் காரணம் என்று தெரியவந்தால், தம்பியுடன் நெருங்கியிருந்த நீங்களும் தடுப்பு மருந்து உட்கொள்ள வேண்டியிருக்கும். எந்தப் பாக்டீரியா தொற்றாக இருந்தாலும், தம்பி குணமடைந்த சில வாரங்களுக்குள் அவருக்குச் செவித்திறன் பரிசோதனை செய்துவிடுங்கள்.