காது, காற்று, கடற்சாமந்தி: அந்தமான் ஸ்கூபா கேள்வி-பதில்

திருப்பூர் வாசகர்: ஜனவரியில் குடும்பத்தோடு அந்தமான் போகிறோம். எனக்கும் மனைவிக்கும் நீச்சல் தெரியாது. ஸ்கூபா செய்ய முடியுமா? மகளுக்குப் பத்து வயது. அவளையும் இறக்கலாமா?

தாராளமாக முடியும். உங்களுக்கானது ‘ட்ரை டைவ்’, அதாவது பயிற்சியாளரோடு ஒருமுறை இறங்கிப் பார்ப்பது. சான்றிதழ் படிப்பு வேறு. அதில் சேர 200 மீட்டர் நீந்தவும் பத்து நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். ட்ரை டைவில் பயிற்சியாளர் உங்கள் முதுகுப்பக்கம் சிலிண்டரைப் பிடித்தபடியே வருவார். மிதப்பைக் கூட்டுவது, குறைப்பது எல்லாம் அவர் வேலை. ஆழத்தின் வரம்பு 12 மீட்டர். நீச்சல் தெரியாதவர்களை நல்ல பயிற்சியாளர் ஆறேழு மீட்டரிலேயே வைத்துக்கொள்வார். அதைக் குறையாக நினைக்காதீர்கள். வெயிலும் நிறமும் மீனும் அந்த ஆழத்தில்தான் அதிகம்.

இறங்குவதற்கு முன் இடுப்பளவு தண்ணீரில் சில பழக்கங்களைச் சொல்லித் தருவார்கள். வாயால் மட்டும் மூச்சு விடுவது முதலாவது. சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டர் வாயிலிருந்து கழன்றால் மறுபடி பொருத்தி, ‘ஃபூ’ என்று ஊதித் தண்ணீரைத் தள்ளிவிட்டுப் பிறகு இழுப்பது அடுத்தது. மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, முகத்தைச் சற்று நிமிர்த்தி, மூக்கால் ஊத வேண்டும். தண்ணீர் கீழ்வழியாக வெளியேறிவிடும். இந்தப் பயிற்சியைப் பத்து நிமிடத்தில் அவசரமாக முடிக்கப் பார்த்தால், “இன்னொரு தடவை செய்து பார்க்கிறேன்” என்று கூச்சமில்லாமல் கேளுங்கள். கடலடியில் பதறுபவர்களில் பலர் இங்கே அரைகுறையாக விட்டவர்கள்தான்.

எந்தக் காரணத்துக்காகவும் மூச்சைப் பிடித்து நிறுத்தாதீர்கள். மேலே வரும்போது நுரையீரலில் அடைபட்ட காற்று விரியும். இரண்டொரு மீட்டர் ஏற்றமே நுரையீரலைக் கிழிக்கப் போதும். இன்னொன்று: கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் ‘மேலே போகலாம்’ என்று பொருள். ‘நன்றாக இருக்கிறேன்’ என்று சொல்ல ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். சந்தோஷத்தில் கட்டைவிரலை உயர்த்தி, பாதியிலேயே மேலே கொண்டுவரப்பட்டவர்கள் ஏராளம்.

மகளுக்குப் பத்து வயது முடிந்திருந்தால் இறக்கலாம், அவளே ஆசைப்பட்டால் மட்டும். மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை எதையும் மறைக்க வேண்டாம். கர்ப்பிணிகள் இறங்கவே கூடாது. பணம் கட்டும் முன் கேளுங்கள்: ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர், தண்ணீருக்குள் எத்தனை நிமிடம், படகில் அல்லது கரையில் ஆக்சிஜன் இருக்கிறதா? நீச்சல் தெரியாத ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு பயிற்சியாளர் இல்லையென்றால் ஏற்காதீர்கள்.

மதுரை வாசகி: போன வருடம் அந்தமானின் ஹேவ்லாக் தீவில் இறங்கியபோது மூன்று மீட்டரிலேயே காது வலி தாங்காமல் மேலே வந்துவிட்டேன். டாக்டர் காதில் கோளாறு இல்லை என்கிறார். மறுபடி முயலலாமா?

அவசியம் முயலுங்கள். பலர் திரும்பி வருவது அந்த மூன்று மீட்டரில்தான். காரணம் எளிது. தரையில் நம்மேல் ஒரு மடங்கு அழுத்தம். பத்து மீட்டர் ஆழத்தில் அது இரண்டு மடங்கு. காதுக்குள் இருக்கும் காற்றின் கனஅளவு அதற்குள் பாதியாகிவிடும். அடுத்த பத்து மீட்டரில் பாதியிலிருந்து மூன்றில் ஒரு பங்காகத்தான் குறையும். ஆகவே காதுக்குக் கடினமான பகுதி மேலே இருக்கும் சில மீட்டர்தான்.

நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் மெல்லிய குழாய் ஒன்று உண்டு. விழுங்கும்போது அது ஒரு கணம் திறக்கும். மூக்கை விரலால் மூடி, வாயையும் மூடி, மெதுவாக ஊதினால் அந்தக் குழாய் வழியாகக் காற்று நடுக்காதுக்குப் போகும். ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். இதை வலி வந்த பிறகு செய்தால் பலன் குறைவு. வெளி அழுத்தம் கூடிவிட்டால் குழாயின் வாய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு பலமாக ஊதினாலும் திறக்காது. ஓங்கி ஊதினால் உட்காதின் மெல்லிய சவ்வு கிழியும் ஆபத்தும் உண்டு.

அதனால் படகிலேயே தொடங்குங்கள்; புறப்பட்டதிலிருந்து சில நிமிடங்களுக்கு ஒருமுறை லேசாக ஊதிப் பாருங்கள். தலை தண்ணீருக்குள் போகும் முன் ஒருமுறை. பிறகு அரை மீட்டருக்கு ஒருமுறை, காதில் எதுவும் தெரியாவிட்டாலும். கால் கீழே, தலை மேலே இருக்கட்டும். தலைகீழாக இறங்கினால் குழாயின் சுவர் வீங்கி அடைக்கும். நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்கக் கேளுங்கள். வேகம் உங்கள் கையில் இருக்கும். ஒரு காது மட்டும் திறக்கவில்லையா? அந்தக் காது மேலே பார்க்கும்படி தலையைச் சாய்த்து, விழுங்கிக்கொண்டே ஊதுங்கள். அப்படியும் வழிவிடாவிட்டால் ஒரு மீட்டர் ஏறி மறுபடி முயலுங்கள். பயிற்சியாளரிடம் காதைச் சுட்டிக் காட்டிக் கையைத் தட்டையாக இரண்டு பக்கமும் ஆட்டினால் ‘காதில் பிரச்சினை’ என்று புரிந்துகொள்வார்.

சளி இருந்தால் இறங்க வேண்டாம். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவது அதைவிட மோசம். மருந்தின் வீரியம் கடலுக்குள் இருக்கும்போது தீர்ந்தால், ஏறும்போது காற்று வெளியேற வழியில்லாமல் காதும் நெற்றியும் வலிக்கும். இறங்கும்போது வலித்தால் இறங்காமல் இருக்கலாம். ஏறும்போது வலித்தாலும் ஏறித்தானே ஆக வேண்டும்?

சென்னை வாசகர்: ஓப்பன் வாட்டர் என்ற முதல்நிலைச் சான்றிதழ் இருக்கிறது. இதுவரை ஆறு டைவ்தான். ஹேவ்லாக்கில் எந்தெந்த இடங்களுக்குப் போகலாம்? என் காற்று சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

ஹேவ்லாக்குக்கு 2018 முதல் ஸ்வராஜ் தீவு என்று பெயர். டைவர்கள் வாயில் இன்னும் ஹேவ்லாக்தான். உங்கள் சான்றிதழின் வரம்பு 18 மீட்டர். அதற்குள் வரும் இடங்களே நாலைந்து நாளுக்குப் போதும்.

முதல் நாள் நீமோ ரீஃப். கரையிலிருந்தே நடந்து இறங்கலாம், ஆழம் குறைவு. மிதப்பைச் சரிசெய்து, எத்தனை எடை வேண்டும் என்று பார்த்துக்கொள்ள ஏற்ற இடம். பிறகு லைட்ஹவுஸும் அக்வேரியமும். லைட்ஹவுஸில் இரவு டைவும் நடக்கும். டார்ச் வெளிச்சத்தில் பகலில் ஒளிந்திருக்கும் நண்டு, இறால், பேய்க்கணவாய் எல்லாம் வெளியே உலாவும். ஜெட்டிக்குப் பக்கத்தில் ‘த வால்’. பெயர்போலவே செங்குத்தாக இறங்கும் பாறைச் சுவர். கீழே போய்க்கொண்டே இருக்கும் என்பதால் ஆழம் காட்டும் டைவ் கம்ப்யூட்டரில் ஒரு கண் இருக்கட்டும். அடியில் தரை தெரியாத இடத்தில் தன்னையறியாமல் 25 மீட்டருக்குப் போய்விடுவது மிகச் சுலபம்.

டிக்சன்ஸ் பினாக்கிள், ஜானிஸ் கார்ஜ், ஜாக்சன்ஸ் பார் மூன்றும்தான் ஹேவ்லாக்கின் புகழ்பெற்ற ஆழ்தளங்கள். மூன்றும் 18 மீட்டருக்குக் கீழே விரிபவை, நீரோட்டமும் உண்டு. 30 மீட்டர் வரை அனுமதிக்கும் அட்வான்ஸ்ட் படிப்பை முடித்துவிட்டுப் போங்கள். பாரை மீன் கூட்டமும் ஊழி மீன்களும் திருக்கையும் அதுவரை காத்திருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் அதிகமாகி நீரோட்டம் பலமாகும். ஆழ்தளங்களுக்கு அஷ்டமியை ஒட்டிய நாட்களைப் பார்த்துப் பதிவுசெய்தால் பாடு குறைவு.

காற்றுக்கு வருவோம். வழக்கமான அலுமினிய சிலிண்டர் 11.1 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய தரையில் இருக்கும் காற்றழுத்தம்) அடைத்தால் ஏறக்குறைய 2,220 லிட்டர் காற்று. 50 பார் மிச்சத்தோடு மேலே வர வேண்டும் என்பதால் செலவழிக்கக் கிடைப்பது 1,665 லிட்டர். தரையில் நிமிடத்துக்கு 15 லிட்டர் இழுக்கும் நிதானமானவர் 20 மீட்டரில் 45 லிட்டர் இழுப்பார். 37 நிமிடம் வரும். தரையில் 25 லிட்டர் இழுக்கும் பதற்றக்காரருக்கு அதே ஆழத்தில் 22 நிமிடம்தான். நிதானமானவரே 10 மீட்டரில் இருந்தால் 55 நிமிடம். ஆகவே இரண்டு மீட்டர் மேலே இருங்கள், கைகளைக் கட்டிக்கொள்ளுங்கள், காலில் மாட்டிய துடுப்பை மெதுவாக அடியுங்கள். மூச்சை நீளமாக விடுவதில் கவனம் வையுங்கள். பெரும்பாலான புதியவர்கள் தேவைக்கு மேல் இரண்டு கிலோ ஈயம் கட்டியிருப்பார்கள். அந்தச் சுமையை ஈடுகட்ட மிதப்பு ஜாக்கெட்டில் காற்று, அந்த ஜாக்கெட்டை இழுக்கக் கூடுதல் மூச்சு. எடையைக் குறைத்தாலே பத்து நிமிடம் கூடுதலாகக் கிடைத்தவர்கள் உண்டு.

கோயம்புத்தூர் வாசகர்: ஞாயிறு காலை டைவ், மாலை போர்ட் பிளேயரிலிருந்து விமானம். சரியா?

கூடவே கூடாது. ஒரே டைவ் என்றால் 12 மணி நேரம், அடுத்தடுத்த நாட்களில் பல டைவ் என்றால் 18 மணி நேரம் என்பது குறைந்தபட்ச இடைவெளி. 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். ஆழத்தில் இரத்தத்திலும் தசையிலும் கரைந்த நைட்ரஜன் மெல்லத்தான் வெளியேறும். விமானத்துக்குள் அழுத்தம் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயர மலையில் இருப்பதுபோலக் குறைவு. மிச்ச நைட்ரஜன் அங்கே குமிழியாகும். மூட்டு வலி, கை கால் மரத்துப்போதல், காரணமில்லாத களைப்பு தெரிந்தால் ‘தூங்கினால் சரியாகும்’ என்று விடாதீர்கள். உடனே ஆக்சிஜன், அடுத்து அழுத்த அறைச் சிகிச்சை. ஹேவ்லாக்கில் அந்த அறை இல்லை. கடலைக் கடந்து போர்ட் பிளேயர் வர வேண்டும்.

பயணத்தைத் திருப்பிப் போடுங்கள். இறங்கியதும் நேராக ஹேவ்லாக். கடைசி நாள் செல்லுலார் சிறை. கடல் கொந்தளித்தால் படகு ரத்தாகும் என்பதால் அந்த ஒரு நாள் அதற்கும் உதவும்.

நாகர்கோவில் வாசகி: எந்த மீனைப் பார்த்துப் பயப்பட வேண்டும்?

சுறாவை அல்ல. அங்கே பாறைகளில் பார்க்கக் கிடைப்பவை பெரும்பாலும் நம்மைக் கண்டதும் விலகிப் போகும். வாயைத் திறந்து திறந்து மூடும் அஞ்சாளை கடிக்க வரவில்லை. அதன் மூச்சு அப்படி. வரிக் கடற்பாம்புக்குக் கொடிய விஷம் உண்டு, ஆனால் சாது. மூச்செடுக்க மேலே போகும்போது வழிவிட்டால் போதும்.

பயப்பட வேண்டியது பெரிய கிளாத்திக்கு. மணலில் குழி பறித்து முட்டையிட்டிருக்கும் சமயத்தில் துரத்திக் கடிக்கும். அது காவல் காக்கும் எல்லை குழியிலிருந்து மேல்நோக்கி விரியும் புனல் வடிவம். மேலே தப்பினால் அதன் எல்லைக்குள்ளேயே இருப்பீர்கள், பக்கவாட்டில் விலகுங்கள். லயன்ஃபிஷும் கல்மீனும் தாமாக வந்து குத்தாது. நாம் கையோ காலோ வைத்தால்தான். குத்திவிட்டால், பொறுக்கும் அளவு வெந்நீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், 30 முதல் 90 நிமிடம் வைத்திருக்க வேண்டும். சூட்டை இன்னொருவர் கை வைத்துச் சோதிக்கட்டும்; வலியில் இருப்பவருக்குச் சூடு தெரியாது. கல்மீன் என்றால் உடனே மருத்துவமனை.

பயத்தை விட்டுவிட்டு ஒரு கடற்சாமந்தியின் முன்னால் ஐந்து நிமிடம் அசையாமல் இருந்து பாருங்கள். அதற்குள் குடியிருக்கும் கோமாளி மீன்களில் மிகப் பெரியது பெண். அடுத்தது அதன் துணை ஆண். மற்றவை குட்டி ஆண்கள். பெண் இறந்தால் அந்த ஆண் பெண்ணாக மாறும். சாமந்தியின் அடியில் பாறையோரம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு திட்டு தெரிந்தால் அது புதிய முட்டை. வெள்ளிபோல மின்னி, ஒவ்வொன்றிலும் இரண்டு கண் தெரிந்தால் குஞ்சு பொரிக்கும் இரவு நெருங்கிவிட்டது. ஆண் மீன் செட்டையால் விசிறிக்கொண்டே இருக்கும். நடுநடுவே வாயால் சுத்தம் செய்யும்.

தஞ்சாவூர் வாசகர்: கரையில் ஒதுங்கிய பவளத்துண்டை நினைவாக எடுத்து வரலாமா?

கூடாது. பவளம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. செத்த துண்டும் அதில் அடக்கம். விமான நிலையச் சோதனையில் பையில் அகப்படும்.

புதுச்சேரி வாசகர்: கண்ணாடி போடுபவன். கடலுக்குள் எப்படிப் பார்ப்பது?

பவர் உள்ள மாஸ்க் சில டைவ் மையங்களில் உண்டு. எண்ணை முன்கூட்டியே சொல்லிக் கேளுங்கள். மென்மையான கான்டாக்ட் லென்ஸும் போடலாம், ஆனால் மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதால் லேசான குறை இருப்பவருக்கு ஒன்றுமே தேவைப்படாது.

தூத்துக்குடி வாசகர்: அந்தமான் பவளம் எல்லாம் வெளுத்துச் செத்துவிட்டது என்கிறார்களே?

வெளுத்தது எல்லாம் செத்ததல்ல. பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்கு நிறமும் பெரும்பகுதி உணவும் தருகிறது. கடல் வழக்கத்தைவிடச் சூடானால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடும். வெள்ளை எலும்பு தெரியும். சில வாரங்களில் சூடு தணிந்தால் பாசி திரும்பும், பவளம் பிழைக்கும். நீடித்தால் பட்டினியில் சாகும். 1998, 2010, 2016 ஆண்டுகளில் அந்தமானில் பெரும் வெளுப்பு நடந்தது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் வட அந்தமானின் மேற்குக் கரையில் தரையே உயர்ந்து, பவளத்திட்டுகள் தண்ணீருக்கு வெளியே வந்து செத்தன.

கிளை விரிக்கும் வகைகள் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் வரை வளரும். உருண்டைப் பாறை வகைகளுக்கு ஒரு சென்டிமீட்டரே பெரிது. ஒரு ஆள் உயரப் பவளப்பாறை சோழர் படையெடுப்பைப் பார்த்திருக்காவிட்டாலும் வெள்ளைக்காரன் சிறை கட்டியதைப் பார்த்திருக்கும். கிளைப் பவளத்தையோ துடுப்பின் ஒரு உதை நொடியில் உடைத்துவிடும். அதனால் திட்டிலிருந்து ஒரு மீட்டராவது விலகி, முழங்காலை மடக்கித் தவளைபோல் உதையுங்கள். படமெடுக்கும்போது பாறையைப் பிடிக்காதீர்கள்; தடுமாறினால் மணல் இருக்கும் பக்கம் ஒதுங்கி, ஒற்றை விரலை மணலில் ஊன்றிக்கொள்ளுங்கள். ஊன்றும் முன் அங்கே திருக்கை புதைந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.