45 மணி நேர ஜெர்மன்: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

கோவைக்கு அருகில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்று ஆண்டுகளாக ஜெர்மன் கற்பித்து வருகிறேன். இயந்திரவியல், மின்னியல் மாணவர்கள் இதை விருப்பப் பாடமாக எடுக்கிறார்கள். பருவத்துக்கு 45 மணி நேரம். வகுப்புக்கு 60 பேர். நான் ஜெர்மன் இலக்கியம் படித்து வந்தவள் என்பதால், நான் கற்ற வழியிலேயே அவர்களுக்கும் கற்பிக்கிறேன். தன்னை அறிமுகம் செய்துகொள்வது, உணவகத்தில் காபி கேட்பது, தெருவில் வழி விசாரிப்பது என்று பாடங்கள் போகின்றன. தேர்வு முடிந்த அடுத்த மாதமே எல்லாம் மறந்துவிடுகிறது. வகுப்பில் தமிழ் பேசக் கூடாது என்பது எங்கள் துறையின் விதி. வேற்றுமைகளை நான் ஆங்கிலத்தில் விளக்கும்போது, பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்த பின்வரிசை மாணவர்களின் முகம் இறுகிப்போவதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். கைபேசியே மொழிபெயர்த்துவிடும் காலத்தில் இந்தப் பாடம் எதற்கு என்று சிலர் நேராகவே கேட்கிறார்கள். மொழியை முதன்மைப் பாடமாக எடுக்காத மாணவர்களுக்கு அயல்மொழி கற்பிப்பதில் பொருள் இருக்கிறதா? இருக்கிறது என்றால் எப்படிக் கற்பிக்க வேண்டும்?

கோவையிலிருந்து ஒரு வாசகி

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பின்வரிசை மாணவர்களின் முகத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இவ்வளவு நீளமாகப் பதில் எழுதத் தோன்றியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் பொறியியல் மாணவர்களுக்கு ஜெர்மன் கற்பித்தவன் நான். என் முதல் சில ஆண்டுகளில் அதே முகங்களைப் பார்த்தும், அவற்றுக்கு என்ன பொருள் என்று புரிந்துகொள்ளாமல் இருந்தேன்.

முதலில் மணிக்கணக்கைப் பார்ப்போம். ஐரோப்பிய அவை 2001இல் வெளியிட்ட ஆறு மொழித்திறன் நிலைகளில் முதல் நிலையான ஏ1 வரை வருவதற்கே, 45 நிமிடம் கொண்ட பாடவேளைகள் 80 முதல் 200 வரை தேவைப்படும் என்பது ஜெர்மன் மொழியை உலகெங்கும் கற்பிக்கும் கோதே நிறுவனத்தின் கணக்கு. உங்களிடம் இருப்பதோ 45 மணி நேரம், அதாவது 60 பாடவேளை. அதிலும் 60 பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில், எல்லாரும் முறை வைத்துப் பேசினாலும் ஒரு மாணவருக்குப் பருவம் முழுவதும் சேர்த்து முக்கால் மணி நேரத்துக்கு மேல் வாய் திறக்க வாய்ப்பில்லை. உங்கள் மாணவர்கள் மறந்துவிடுவதற்கு அவர்களுடைய சோம்பலோ உங்கள் திறமைக் குறைவோ காரணம் என்று நான் நினைக்கவில்லை. இலக்கிய மாணவர்களுக்காக மூன்று ஆண்டுகளுக்கு வகுக்கப்பட்ட ஒரு பாதையின் முதல் சில அடிகளை மட்டும் வெட்டியெடுத்து, வேறு திசையில் போகிறவர்களிடம் கொடுத்திருக்கிறார்கள். தொடர்ந்து நடக்கிறவருக்கு அந்த அடிகள் தொடக்கம். அங்கேயே நின்றுவிடப் போகிறவருக்கு அவற்றால் பயனில்லை.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவில் 1929இல் வெளியான கோல்மன் அறிக்கை, பெரும்பாலான மாணவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அயல்மொழி படிப்பதில்லை என்பதால், வாசிக்கும் திறனையே எட்டக்கூடிய இலக்காகக் கொள்ள வேண்டும் என்று சொன்னது. பிறகு உலகப்போர் வந்தது. 1943இல் அமெரிக்க ராணுவம் பல்கலைக்கழகங்களின் துணையோடு படைவீரர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, வாரத்துக்குப் பல மணி நேரம் பேச்சுமொழி கற்பித்தது. பலர் உண்மையிலேயே பேசினார்கள். போருக்குப் பின் கல்லூரிகள் அந்த முறையை எடுத்துக்கொண்டன. ஆனால் குழுவின் அளவையும் மணி நேரத்தையும் அதோடு சேர்த்து எடுத்துக்கொள்ள அவற்றால் முடியவில்லை. தமிழ் பேசக் கூடாது என்ற உங்கள் துறையின் விதிக்குப் பின்னாலும் அதே எண்ணம்தான் இருக்கிறது. பத்துப் பேர் நாள்தோறும் மூன்று மணி நேரம் அமரும் வகுப்பில் அந்த விதிக்கு ஒரு நியாயம் உண்டு. 60 பேர் வாரத்துக்கு மூன்று மணி நேரம் அமரும் வகுப்பில் அது மாணவரின் வாயை அடைப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

ஆகவே என் பதில் இது: உங்கள் 45 மணி நேரத்தை வாசிப்புக்குக் கொடுங்கள், அதுவும் மாணவர்களின் சொந்தத் துறை நூல்களை வாசிப்பதற்கு. அந்த வாசிப்பைத் தமிழின் வழியாகக் கற்றுக்கொடுங்கள். இதில் இரண்டாவது பகுதியைத்தான் நான் விரித்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நம் கல்லூரிகளில் அதைச் சொல்கிறவர்கள் குறைவு.

ஜெர்மன் வேற்றுமைகளை ஆங்கிலத்தில் விளக்குவது, வேற்றுமை உருபுகளைப் பெரும்பாலும் இழந்துவிட்ட ஒரு மொழியின் வழியாக அவற்றை விளக்குவது. எதிரில் இருப்பவரோ, 'ஐ, ஆல், கு, இன், அது, கண்' என்று பள்ளியில் உருபுகளை மனப்பாடமாகச் சொன்னவர். 'நான் குழந்தைக்கு ஆப்பிளைக் கொடுக்கிறேன்' என்ற வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, அதன் கீழே 'இஷ் கேபெ டேம் கிண்ட் டேன் அப்ஃபல்' என்று எழுதுங்கள். குழந்தைக்கு என்பதில் உள்ள 'கு' அங்கே 'டேம்' ஆகியிருக்கிறது. ஆப்பிளை என்பதில் உள்ள 'ஐ' அங்கே 'டேன்' ஆகியிருக்கிறது. நாம் பெயருக்குப் பின்னால் ஒட்டுவதை அவர்கள் பெயருக்கு முன்னால் வரும் சிறு சொல்லில் காட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் முழு வகுப்பும் போதாமல் போகிற இந்தப் பாடம், தமிழில் கால் மணி நேரத்தில் முடிந்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நான்காம் வேற்றுமையை ஏற்கும் வினைகள் என்று ஜெர்மன் பாடநூல்கள் ஒரு பட்டியல் தந்து மனப்பாடம் செய்யச் சொல்லும். உதவுதல், நன்றி சொல்லுதல், பதில் சொல்லுதல், சொந்தமாக இருத்தல், பிடித்திருத்தல் ஆகியவை அதில் வரும். எனக்கு உதவு, அவருக்கு நன்றி, இது எனக்குச் சொந்தம், எனக்குப் பிடித்திருக்கிறது என்று நம் மாணவர் பிறந்தது முதல் 'கு' போட்டே பேசி வருகிறார். 'மிர் இஸ்ட் கால்ட்' என்பது சொல்லுக்குச் சொல் 'எனக்குக் குளிர்கிறது' என்பதற்குப் பக்கத்தில் நிற்கிறது. எல்லா இடத்திலும் இப்படிப் பொருந்தாது. அதையும் அவர்களிடம் சொல்லிவிட வேண்டும். ஜெர்மனில் பின்தொடர்தல் என்ற வினை 'கு' கேட்கும், நாமோ அவரைப் பின்தொடர்கிறோம். நமக்கு ஒரு தங்கை இருக்கிறாள், அவர்களோ ஒரு தங்கையை உடையவர்கள். பொருட்களுக்குப் பால் பிரிக்கும் வழக்கத்தில் தமிழ் சிறிதும் உதவாது. கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி அலிப்பால் என்பதை உயர்திணை, அஃறிணை என்று பிரித்துப் பழகிய மனம் மனப்பாடமாகத்தான் ஏற்க வேண்டும்.

வாசிப்புக்கு வருவோம். ஜெர்மன் தொழில்நுட்ப எழுத்தில் ஆங்கிலவழி மாணவர்களைத் திணறடிக்கும் ஓர் அமைப்பு உண்டு. 'டீ ஃபோன் டேர் மஷீனெ எர்ட்சாய்க்டெ வெர்மெ' என்பது அதற்கு ஒரு சிறிய எடுத்துக்காட்டு. 'எந்திரத்தால் உண்டாக்கப்பட்ட வெப்பம்' என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் இதைச் சொல்ல வெப்பத்தை முதலில் வைத்து மற்றதையெல்லாம் பின்னால் இழுத்துவர வேண்டும். தமிழிலோ பெயரெச்சத் தொடராக அதே வரிசையில் நிற்கிறது. முதன்மை வாக்கியத்தில் ஜெர்மன் வினை இரண்டாம் இடத்துக்கு வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் துணை வாக்கியங்களில் அது கடைசிக்குப் போய்விடுகிறது. அந்தக் கடைசி வினைக்காகக் காத்திருந்து படிக்கும் பொறுமையை ஐரோப்பிய ஆசிரியர்கள் தனிப் பயிற்சியாகக் கொடுப்பார்கள். தமிழோ தெலுங்கோ மலையாளமோ கன்னடமோ சௌராட்டிரமோ வீட்டில் பேசி வருகிறவருக்கு அந்தப் பொறுமை இயல்பாகவே உண்டு.

சொற்களிலும் இந்த உறவு தெரியும். 'வெர்மெலைட்ஃபேயிஷ்கைட்' என்ற நீண்ட சொல்லைக் கண்டு உங்கள் முன்வரிசை மாணவர்கள் அஞ்சுவார்கள். அதைப் பிரித்தால் வெப்பம், கடத்து, திறன் என்று மூன்று துண்டுகள் கிடைக்கும். தமிழ்வழியில் இயற்பியல் படித்த மாணவர் வெப்பக் கடத்துத்திறன் என்ற சொல்லோடுதான் கல்லூரிக்கே வந்திருக்கிறார். 'ஹோக்ஷ்பானுங்' என்பதில் 'ஹோக்' உயரம், 'ஷ்பானுங்' மின்னழுத்தம், உயர் மின்னழுத்தம். 'ஸீடெபுங்க்ட்' கொதிநிலை, 'ஷ்மெல்ட்ஸ்புங்க்ட்' உருகுநிலை. தமிழும் ஜெர்மனும் அறிவியல் கலைச்சொற்களில் பலவற்றைத் தம் சொந்த வேர்களைக் கோத்துச் செய்துகொண்ட மொழிகள். தமிழ்வழி மாணவர் தன் குறையாக எண்ணி மறைத்துவைத்திருக்கும் அந்தப் பள்ளிச் சொற்களே இந்த வகுப்பில் அவருக்கு முதல் இடத்தைத் தரும். இதைச் சொல்வதில் எனக்குள்ள ஆர்வத்தை மறைக்க நான் விரும்பவில்லை.

எனக்கு இது புரிந்தது ஒரு மாணவரால். நான் பணியாற்றிய கல்லூரியின் பணிமனையில் பழைய ஜெர்மன் மில்லிங் இயந்திரம் ஒன்று இருந்தது. தருமபுரிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்த, வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவர், அதன் மின்பெட்டியில் இருந்த தகட்டைக் காட்டி என்னைக் கூப்பிட்டார். 'ஃபோர் டேம் எஃப்னன் ஹௌப்ட்ஷால்டர் அவுஸ்ஷால்டன்' என்று அதில் எழுதியிருந்தது. "சார், கடைசி வார்த்தைதானே வேலையைச் சொல்லுது? திறக்கும் முன் மெயின் சுவிட்சை அணைக்கவும். சரியா?" என்று கேட்டார். சரிதான். காபி கேட்கும் உரையாடலை அரைப் பருவமாக நடத்தியும் அவரிடமிருந்து நான் பெறாத ஒரு முழு வாக்கியத்தை அந்தத் தகடு பெற்றுத் தந்தது. மறுவாரமே பாடத்தை மாற்றினேன்.

இதில் நமக்கு ஒரு பழைய முன்மாதிரியும் உண்டு. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். ஜெர்மனியின் ஹாலே நகரில் 1716இல் அச்சான அவருடைய தமிழ் இலக்கண நூல் லத்தீனில் எழுதப்பட்டது. அவரிடம் கற்க வேண்டியவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்த இலக்கணம் லத்தீன் இலக்கணம் என்பதே காரணம். ஒரு ஜெர்மானியர் தம் மக்களுக்குத் தமிழை விளக்க அவர்கள் அறிந்த மொழியைக் கையில் எடுத்தார் என்றால், தமிழருக்கு ஜெர்மனை விளக்க நாம் தமிழை எடுப்பதில் எந்தத் தாழ்வும் இல்லை.

இனி மறுப்புகள். வாசிப்பை மட்டும் இலக்காக வைத்தால் பேச வராது என்பார்கள். அது உண்மை, அதை முதல் நாளே மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள். மேற்படிப்புக்கோ வேலைக்கோ ஜெர்மனி போக நினைக்கிறவர்களுக்கு ஒரு பருவ விருப்பப் பாடம் போதாது. அவர்கள் தனியாகப் பயிற்சி வகுப்பில் சேர்ந்து நிலை நிலையாக ஏறித்தான் ஆக வேண்டும். கல்லூரி இதை வெளிப்படையாகச் சொல்லாமல் சான்றிதழை மட்டும் கொடுப்பது மாணவருக்குச் செய்யும் தீங்கு. அதே சமயம் ஒலியை முழுக்க விட்டுவிடாதீர்கள். வாயால் சொல்லிப் பழகாத சொல் கண்ணிலும் தங்காது என்பதால், ஒவ்வொரு வகுப்பிலும் பத்து நிமிடம் எல்லாரும் சேர்ந்து உரக்கப் படிக்கட்டும்.

கைபேசி பற்றிய கேள்விக்கு நான் கோபப்படமாட்டேன், அது நேர்மையான கேள்வி. கைபேசியை வகுப்புக்குள்ளேயே கொண்டுவரச் சொல்லுங்கள். 'ஷ்பானுங்' என்ற சொல் மின்னியலில் மின்னழுத்தம், இயந்திரவியலில் தகைவு (ஸ்ட்ரெஸ்). தனியாக நிற்கும் ஒரு சொல்லுக்கோ, நான்கு சொற்கள் கொண்ட ஒரு தகட்டுக்கோ எந்தப் பொருள் பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கத் துறை அறிவு வேண்டும். மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க மூல வாக்கியத்தின் எலும்புக்கூடாவது தெரிந்திருக்க வேண்டும். உங்கள் மாணவரிடம் முதலாவது இருக்கிறது, இரண்டாவதை நீங்கள் 45 மணி நேரத்தில் கொடுத்துவிட முடியும். உங்களுக்கு அந்தத் துறை தெரியாதே என்ற தயக்கம் இருக்கலாம். எனக்கும் இருந்தது. தகைவு என்றால் என்னவென்று எனக்குச் சொல்லித்தந்தவர்கள் என் மாணவர்கள்தான்; அந்த வகுப்புகளில் ஆளுக்குப் பாதியாக ஆசிரியப் பணி செய்தோம்.

தேர்வைப் பொறுத்தவரை, பாதி மதிப்பெண்ணையாவது அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பக்கத் தொழில்நுட்பக் குறிப்பைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதித் தரும் வினாவுக்கு ஒதுக்க முடியுமா என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். விதியை மாற்ற அவர் தயங்கினால், ஒரே ஒரு பருவம் சோதனையாகச் செய்துபார்க்க அனுமதி கேளுங்கள்.

அதற்கு முன் ஒரு காரியம் செய்யலாம். துளையிடும் கருவியோ சலவை இயந்திரமோ, வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு கருவியின் பன்மொழிக் கையேட்டைத் தேடுங்கள். பலவற்றில் ஜெர்மன் பக்கம் இருக்கும். அதில் பாதுகாப்பு எச்சரிக்கைகள் உள்ள பக்கத்தை 60 படிகள் எடுத்து, அடுத்த வகுப்பில் முதல் படியைப் பின்வரிசையில் கொடுங்கள். கடைசிச் சொல்லிலிருந்து படிக்கத் தொடங்கச் சொல்லுங்கள், தமிழில் பதில் சொல்ல விடுங்கள். என்ன நடந்தது என்பதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.