துருவ நட்சத்திரம் தெரியாத மாடியில் வடக்கைப் பிடிப்பது எப்படி?

கேள்வி: தண்டையார்பேட்டையில் மூன்று மாடி வீட்டின் மொட்டை மாடி. ஈக்வடோரியல் மவுண்டோடு (பூமியின் அச்சுக்கு இணையான அச்சில் சுழன்று நட்சத்திரத்தைத் தொடரும் தாங்கி) தொலைநோக்கி வாங்கியிருக்கிறேன். துருவ நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் மவுண்டை நிறுத்த வேண்டுமாம். வடக்கே புதிதாக எழுந்த அடுக்குமாடி அதை மறைத்துவிட்டது. போனில் ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபட மென்பொருள் இருக்கிறது. அதை வைத்துச் சமாளிக்கலாமா?

தாராளமாக. ஆனால் போனை வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, திரையில் துருவ நட்சத்திரம் தெரிகிற பக்கம் மவுண்டைத் திருப்பிவிடாதீர்கள். அந்தத் திசை போனுக்குள் இருக்கும் காந்த உணரி சொல்வது. தளத்துக்குள் ஓடும் கம்பியும் தண்ணீர்த் தொட்டியின் இரும்புத் தாங்கியும் அதைச் சில டிகிரி இழுத்துவிடும். மென்பொருளில் நாம் நம்ப வேண்டியது அதன் நேரக் கணக்கை.

துருவ நட்சத்திரம் மறைந்ததில் ஆச்சரியமில்லை. நம் ஊரின் அட்சரேகை 13 டிகிரி. அதுவும் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டிப் பிடித்த முஷ்டிக்கு மேல் இரண்டு விரல், அவ்வளவுதான். கண்மட்டத்துக்கு மேல் 10 மீட்டர் எழும்பிய கட்டிடம் 43 மீட்டர் தூரத்துக்குள் இருந்தாலே மறைத்துவிடும். கட்டிடம் இல்லாவிட்டாலும் எண்ணூர், மணலிப் பக்கத்து வெளிச்சத்தில் பல இரவு தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அதனால் வடக்கைப் பகலிலேயே பிடித்துவிடுங்கள். மாடியில் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். ஸ்டெல்லேரியத்தில் உங்கள் இடத்தைச் சரியாகக் கொடுத்து, சூரியனைத் தொட்டு, அது உச்சிக்கோட்டை (வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்குக்குப் போகும் கற்பனைக் கோடு) கடக்கும் நேரத்தைப் பாருங்கள். அது பன்னிரண்டு மணி அல்ல. சென்னையில் நவம்பர் தொடக்கத்தில் 11:52, பிப்ரவரி நடுவில் 12:23. சரியாக அந்த நிமிடத்தில் நூலின் நிழல்மேல் சாக்பீஸால் கோடு போடுங்கள். அதுதான் அசல் தெற்கு வடக்கு; மவுண்டின் அச்சை இந்தக் கோட்டை ஒட்டி வடக்கே பார்க்க வையுங்கள். (தொலைநோக்கிக் குழாய் அப்போது மூடியே இருக்கட்டும்.)

இங்கே நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வரும்; நிழலே இருக்காது. அந்த நாட்களை ஒட்டி இந்த வேலையை எடுக்காதீர்கள். மார்ச் கடைசியில்கூட ஒரு நிமிடம் பிந்தினால் கோடு ஒரு டிகிரிக்கு மேல் திரும்பிவிடும். டிசம்பரில் அதே ஒரு நிமிடத்துக்கு 0.4 டிகிரிதான். என்னைக் கேட்டால் மார்கழி வெயிலுக்குக் காத்திருப்பேன்.

உயரம் சுலபம். முக்காலியை ரசமட்டம் வைத்துச் சமன்செய்து, குழாயை மவுண்டின் அச்சுக்கு இணையாக நிறுத்தி, அதன்மேல் போனை வைத்துச் சாய்வு 13 டிகிரி வரும்வரை திருகுங்கள். மவுண்டில் அச்சிட்ட அளவுகோலை நான் நம்புவதில்லை. சில மவுண்டுகள் 13 டிகிரிவரை இறங்காது. அப்போது தெற்குப் பக்கத்துக் காலுக்குக் கட்டை கொடுக்க வேண்டும்.

நிலவையும் வியாழனையும் கண்ணால் பார்க்க இது போதும். படம் எடுப்பதென்றால் நட்சத்திர நழுவலைப் பார்த்துத் திருத்த வேண்டும். வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் கோடு) பக்கத்தில் எந்த நட்சத்திரம் எப்போது உச்சிக்கோட்டுக்கு வருகிறது என்பதை மென்பொருளில் தேடுங்கள். ஜனவரி கடைசியில் என்றால் இரவு 9 மணிக்கு ஓரியன் இடுப்புப் பட்டையின் மின்டகா. மோட்டாரை ஓடவிட்டு, கண்வில்லையில் அது தெற்கே நழுவுகிறதா, வடக்கே நழுவுகிறதா என்று பாருங்கள். எந்தப் பக்கம் தெற்கு என்று குழம்பினால் குழாயை லேசாக வடக்கே தள்ளுங்கள். நட்சத்திரம் ஓடுகிற பக்கம் தெற்கு. தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே அதிகம் திரும்பியிருக்கிறது, மேற்கே நகர்த்துங்கள். வடக்கே நழுவினால் நேர்மாறு.

அப்புறம் கிழக்கே தாழ்வாக ஒரு நட்சத்திரம் வேண்டும். உங்களுக்கு அதில் கவலையே இல்லை, காசிமேட்டுப் பக்கம் கடல்தானே! அதே ஜனவரி இறுதியில் மாலை 7 மணிக்குப் புரோசியான் என்ற நட்சத்திரம் அங்கே சுமார் 30 டிகிரி உயரத்தில் இருக்கும். அது தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, உயர்த்துங்கள். வடக்கே நழுவினால் இறக்குங்கள்.

சாக்பீஸ் கோடு அடுத்த மழையில் போய்விடும். திருப்தியானதும் கோட்டையும் முக்காலியின் மூன்று கால் இடங்களையும் பெயின்டால் குறித்துக்கொள்ளுங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.