மூலத்துக்குப் பயந்து

அன்புள்ள அம்மா,

கல்லூரி நாளிலிருந்து உங்களைப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. எனக்கு ஒன்பதாம் மாதம் நடக்கிறது, இரண்டாவது குழந்தை. மூத்தவனுக்கு நான்கு வயது. அவன் பிறந்தபோது வலி வந்து, பாதியில் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்குகிறது என்று நள்ளிரவில் அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். முழு மயக்கம் கொடுத்ததால் எனக்கு எதுவும் நினைவில்லை. இந்த முறையும் சிசேரியன்தான், 39 வாரம் நிறையும் நாளில் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டில் பஞ்சாங்கம் பார்த்தால் அன்றைக்கு மூல நட்சத்திரம். மாமியார் ஜோசியரிடம் போய், ஒன்பது நாள் முன்னால் மகம் வருகிறது, அன்று காலை 7.40-க்குள் எடுத்துவிட வேண்டும் என்று எழுதி வாங்கி வந்துவிட்டார். 'ஊசி போட்டால் நுரையீரல் வளர்ந்துவிடுமாம், ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது' என்கிறார்கள். கணவர் எதுவும் சொல்வதில்லை. அப்படியே குடும்பக் கட்டுப்பாடும் செய்துவிடலாம் என்றும் பேச்சு நடக்கிறது.

என் பயம் வேறு. விழித்திருக்கும்போதே வயிற்றைக் கிழிப்பார்களே, எப்படித் தாங்குவேன்? முதுகில் ஊசி போட்டால் ஆயுளுக்கும் முதுகுவலி என்கிறார்களே, உண்மையா? இரண்டு குழந்தையையும் சுகப்பிரசவத்தில் பெற முடியவில்லையே என்பதும் மனதை அறுக்கிறது. உங்கள் அனுபவத்திலிருந்து ஏதாவது சொன்னால் தைரியமாக இருக்கும்.

ம., திண்டுக்கல்

அன்புள்ள ம.,

உனக்கு என் மகள் வயது. ஒருமையிலேயே எழுதுகிறேன்.

முதலில் நீ கேட்டது. முதுகில் போடும் ஊசி மெல்லியது. உட்கார வைத்து முதுகை வளைக்கச் சொல்வார்கள். சுருக்கென்று ஒரு குத்து. கொஞ்ச நேரத்தில் கால் சூடாகும், கனக்கும், அப்புறம் அசைக்க முடியாது. மரத்துவிட்டதா என்று சோதித்துப் பார்த்த பிறகுதான் கத்தியை எடுப்பார்கள். வலி தெரியாது, ஆனால் இழுப்பதும் அழுத்துவதும் தெரியும். இதை முன்பே தெரிந்துகொண்டு போனால் பயம் பாதி குறையும். உடம்பு நடுங்கலாம், குமட்டலாம், ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். தலைமாட்டில் மயக்க மருந்து டாக்டர் இருப்பார், அவரிடம் வாய்விட்டுச் சொல். குழந்தையைச் சீக்கிரம் எடுத்துவிடுவார்கள், தையல் போடத்தான் நேரம் பிடிக்கும். ஆயுளுக்கும் முதுகுவலி என்பது கட்டுக்கதை. குத்திய இடம் சில நாள் வலிக்கும். சிலருக்கு எழுந்து உட்கார்ந்தால் கடுமையான தலைவலி வரும், வந்தால் பொறுத்துக்கொண்டு கிடக்காதே, அதற்கும் வைத்தியம் உண்டு. என் மகள் பிறந்தபோது எனக்கும் இப்படித்தான் நடந்தது. அவளுடைய முதல் அழுகையை நான் காதால் கேட்டேன். மூத்தவன் பிறந்தபோது உனக்குக் கிடைக்காத அது இந்த முறை கிடைக்கப் போகிறது.

சுகப்பிரசவம் ஆகவில்லை என்ற வருத்தத்தை இன்றோடு விடு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் கிட்டத்தட்ட 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 64. இது ஏன் இவ்வளவு கூடியது என்று கேட்க நிறைய இருக்கிறது, ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நீ இல்லை. மூத்தவனின் துடிப்பு இறங்கியபோது செய்ய வேண்டியதைச் செய்தார்கள். பிள்ளை ஓடி விளையாடுகிறான். மனதை அறுத்துக்கொள்ள இதில் என்ன இருக்கிறது?

இனி நான் சொல்ல வேண்டியது. நீ போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன அந்த ஒன்பது நாள்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

என் அக்கா மூல நட்சத்திரம். 'ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்' என்பதை எங்கள் வீட்டுத் திண்ணையில் எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறேன்! மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்த மைத்துனனுக்கு, விசாகம் இளைய மைத்துனனுக்கு. பெண்ணின் நட்சத்திரம் மட்டும் எப்போதும் யாரையாவது கொல்லக் காத்திருக்கிறது. அக்காவின் ஜாதகம் போன வேகத்தில் திரும்பி வரும். 'எல்லாம் சரி, மாமனார் இல்லாத இடமாகப் பாருங்கள்' என்று ஒரு தரகர் அப்பாவிடமே சொன்னார். கடைசியில் அப்படி ஒரு இடத்தில்தான் கொடுத்தார்கள். அத்தான் நல்ல மனிதர். ஆனால் அத்தனை வருடம் பின்கட்டில் உட்கார்ந்து அவள் அழுததை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

அவளுக்குப் பிரசவ நாள் குறித்தபோது அதுவும் மூலத்தில் வந்து நின்றது. மாமியாரோ ஜோசியரோ வற்புறுத்தவில்லை. 'பெண்ணாகப் பிறந்தால் நான் பட்டதை அது படக்கூடாது' என்று அவளே பிடிவாதம் பிடித்து ஆபரேஷனை முன்னால் இழுத்தாள். மருத்துவமனையிலும் மறுப்புச் சொல்லவில்லை. குறித்த நேரத்தில் பெண் குழந்தை, நல்ல எடை. அரைமணி நேரத்தில் மூச்சு வாங்கத் தொடங்கியது. விலா எலும்புக்கு நடுவே தோல் உள்வாங்கி உள்வாங்கி எழும்பியது. ஆக்ஸிஜன் வைத்து, மூக்குக் குழாயில் பால் ஊற்றி, அக்காவைப் பார்க்கக்கூட விடாமல் கண்ணாடிக்கு உள்ளே வைத்திருந்தார்கள். பிழைத்துவிட்டாள், நன்றாக வளர்ந்தாள். இப்போது அவளுக்கு வரன் பார்க்கிறோம். போன வாரம் வந்தவர்கள் அவளுக்குச் செவ்வாய் தோஷம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இருபத்து சொச்சம் வருடத்துக்கு முன்னால் கட்டம் போட்டுக் கொடுத்தவர் அப்படி எதுவும் இல்லை என்று சொல்லியிருந்தார். வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு நேரத்தில் நட்சத்திரத்தை முடிக்கும், திருக்கணிதம் வேறு நேரத்தில் முடிக்கும். ஜோசியருக்கு ஜோசியர் கணக்கு மாறும். அக்கா அந்த ஜாதகத்தைக் கையில் பிடித்தபடி என் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளில் உன் கடிதம் வந்தது.

அக்கா மகளுக்கு என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள். கருவில் குழந்தையின் நுரையீரல் காற்றால் நிறைந்திருக்காது, நீரால் நிறைந்திருக்கும். பிரசவ வலி தொடங்கும்போது குழந்தையின் உடம்பில் அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் பெருகும், அவை அந்த நீரை நுரையீரலே உறிஞ்சிக்கொள்ளும்படி செய்யும். வலியே வராமல் கத்தி வைத்து எடுக்கும் குழந்தைக்கு இந்தத் தயாரிப்பு கிடைப்பதில்லை. அதனால்தான் வேறு காரணம் இல்லாத சிசேரியனை 39 வாரம் நிறையும்வரை டாக்டர்கள் தள்ளிவைக்கிறார்கள். உன் ஜோசியர் சொன்ன நாளில் உனக்கு 37 வாரமும் ஐந்து நாளும்தான் ஆகியிருக்கும். 2009-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. உன்னைப் போலவே முன்பு சிசேரியன் ஆகி, மறுபடியும் நாள் குறித்துச் செய்துகொண்ட 13,000-க்கும் மேற்பட்ட பெண்களின் குழந்தைகளைப் பார்த்தார்கள். மூச்சுத் தொல்லை, சர்க்கரை இறங்குதல், கிருமித் தொற்று, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தல் என்று ஏதாவது ஒரு சிக்கல் வந்தது 39-வது வாரத்தில் எடுத்த குழந்தைகளில் நூற்றுக்கு 8 பேருக்கு. 38-வது வாரத்தில் 11. 37-வது வாரத்தில் 15. 'ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது' என்று கேட்டவர்களுக்கு இதைப் படித்துக் காட்டு. பிரசவ நாள் கணக்கே சில நாள் முன்பின் இருக்கக்கூடியது, முதல் மூன்று மாத ஸ்கேனை வைத்துக் குறித்தால்கூட. அவர்கள் 37 வாரம் ஐந்து நாள் என்று நினைப்பது உண்மையில் 37 வாரமாகவே இருக்கலாம்.

நுரையீரலை வளர்க்கும் என்கிறார்களே, அந்த ஊசி தெரிந்த ஊசிதான், ஸ்டீராய்டு. குழந்தையை முன்னதாக எடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால் கொடுப்பது. பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை இறங்கும் வாய்ப்பை அது கூட்டும். மகம் வேண்டும் என்பதற்காகப் போடுகிற மருந்து இல்லை.

டாக்டரே முன்னதாக எடுக்க வேண்டும் என்று சொன்னால் கதை வேறு. ரத்த அழுத்தம் ஏறினால், நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருந்தால், குழந்தையின் வளர்ச்சி நின்றால், முந்தைய ஆபரேஷனில் கருப்பையை நெடுக்காக வெட்டியிருந்தால், அவர் சொல்லும் நாள்தான் நல்ல நாள். தயங்காமல் போ. உன் விஷயத்தில் அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

உன் மாமியாரின் நம்பிக்கையை நான் பிடுங்கப் போவதில்லை. மூலம் வேண்டாம் என்றால் அடுத்த நாள் பூராடம், அதற்கடுத்த நாள் உத்திராடம். உத்திராடத்துக்கு யாரும் குறை சொல்வதில்லை. இரண்டு நாள் தள்ளிவைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டால் போயிற்று. பழைய தழும்பையும் உன் உடம்பையும் பார்த்து அவர் சொல்வார். பின்னால் இரண்டு நாள் இருக்கும்போது முன்னால் ஒன்பது நாள் ஏன் ஓட வேண்டும்? இன்னொன்று. சந்திரன் இருபத்தேழு நாளில் ஒரு சுற்று வந்துவிடும், ஆகவே மூலம் மாதந்தோறும் வரும். இந்தியாவில் ஒவ்வொரு மூல நட்சத்திர நாளிலும் 60,000-க்கும் மேல் குழந்தைகள் பிறக்கின்றன. அதில் பாதி பெண்கள். நோவு நட்சத்திரத்தில் இல்லை, பெண் பார்க்க வருகிறவர்களிடம் இருக்கிறது. நாளைக்கு உன் மகனுக்குப் பெண் தேடும்போது மூல நட்சத்திரப் பெண்ணின் ஜாதகம் வந்தால், அதைத் திருப்பி அனுப்பாமல் இருக்க உன்னால் முடியும். அதுவரை வயிற்றில் இருக்கும் பிள்ளையின் மூச்சை வைத்துப் பரிகாரம் தேடாதே.

இப்போது உன்னைத் திட்ட வேண்டும். கடிதம் முழுக்க 'சொல்கிறார்கள்', 'பேச்சு நடக்கிறது', 'எழுதி வாங்கி வந்துவிட்டார்'. நீ என்ன சொன்னாய்? ஒரு வரி இல்லை. உன் கணவர் வாயை மூடிக்கொண்டிருப்பதை எழுதியிருக்கிறாய், நீ மூடிக்கொண்டிருப்பதை எழுதவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி உன்னிடம் யாராவது கேட்டார்களா? ஒரு ஆபரேஷனுக்குக் கொடுத்த சம்மதம் இன்னொரு ஆபரேஷனுக்குச் செல்லாது, சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய பெண்ணுக்குப் பதிலாக வீட்டார் கொடுக்கும் சம்மதமும் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. கருத்தடைக்குக் கணவனின் கையெழுத்துகூடத் தேவையில்லை, உன்னுடையது வேண்டும். உனக்கு வேண்டும் என்றால் நீயே டாக்டரிடம் சொல்லிச் செய்துகொள். வேண்டாம் என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடு, மேசையில் படுத்த பிறகு அதைப் பேச வைக்காதே. சம்மதப் படிவத்தை முன்னாலேயே வாங்கி, வரி வரியாகப் படித்து, நீ கையெழுத்துப் போடு.

அடுத்த பரிசோதனைக்குக் கணவரை அழைத்துக்கொண்டு போ. டாக்டர் முன்னால் அவர் உட்காரட்டும், 37 வாரத்தில் எடுத்தால் என்ன ஆகும் என்று அவரே கேட்கட்டும். மாமியாரிடம் போய்ச் சொல்ல வேண்டியதும் அவர்தான், நீ இல்லை. நஞ்சுக்கொடி பழைய தழும்பின் மேல் ஒட்டியிருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்தாயிற்றா என்பதை நீ கேள். இரண்டாவது சிசேரியனில் அது முக்கியம். இருந்தால் ரத்தம் முதற்கொண்டு எல்லாவற்றையும் முன்னாலேயே ஏற்பாடு செய்வார்கள்.

குறித்த நாளுக்கு முன்பே வலி வந்தாலும், பனிக்குடம் உடைந்தாலும், ரத்தம் பட்டாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் உடனே கிளம்ப வேண்டும். ஏற்கனவே தையல் போட்ட கருப்பை, காத்திருக்கக் கூடாது. ராகுகாலம், எமகண்டம் எதுவாக இருந்தாலும் வண்டியை எடுக்கச் சொல், வண்டி இல்லை என்றால் 108. ஸ்கேன் ரிப்போர்ட்டுகளையும் முதல் ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சீட்டையும் ஒரு பையில் போட்டு வாசல் பக்கம் மாட்டி வை. பை எங்கே இருக்கிறது என்று உன் மாமியாருக்கும் காட்டி வை, நீ வலியில் இருக்கும்போது ஓடப் போகிறவர் அவர்தான்.